தனியாட்டம்: ஹில் ட்ரோலுக்காக அரகோர்னை எடுத்துடலாமா?

ஒற்றைக்கை:
லார்ட் ஆஃப் த ரிங்ஸ் கார்டு கேம், 2011ல வந்த பழைய கோர் செட் ஒண்ணு மட்டும்தான் கையில. எப்பவும் தனியாத்தான் ஆடுறது, ஒரே டெக். ஹீரோக்கள் அரகோர்ன், தியோட்ரெட், ஏயோவின். லீடர்ஷிப், ஸ்பிரிட்ங்கிற ரெண்டு ஸ்பியரும் (கார்டு வகை) கலந்தது.

மிர்க்வுட் குவெஸ்ட் பிரச்சினையே இல்ல. அடுத்த குவெஸ்ட், ஆண்டுவின் ஆத்துப் பயணத்துலதான் மாட்டிக்கிறேன். ஆரம்ப த்ரெட் (ரவுண்டுக்கு ஒண்ணு ஏறுற ஆபத்து அளவு) மூணு ஹீரோவோட 12, 8, 9 சேர்ந்து 29. முதல் ரவுண்டு முடியும்போது 30. ஹில் ட்ரோல்ங்கிற பெரிய எதிரி காத்திருக்கிறதும் அதே 30க்குத்தான், ரெண்டாவது ரவுண்டிலேயே மேல விழுந்துடுது. அரகோர்ன் இடத்துல டெனத்தோரைப் போட்டா 25ல ஆரம்பிக்கலாம். ஆனா அப்புறம் அடிக்க ஆள் யாரு? இன்னொரு பெட்டி வாங்குங்கன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

கடைசிக்கார்டு:
யோசிக்காம டெனத்தோர். தனியா ஆடும்போது ரவுண்டுக்கு ஒரே ஒரு என்கவுன்டர் கார்டுதான் (எதிரி, இடம் மாதிரி நமக்கு எதிரா வர்ற கார்டு) வருது. டெனத்தோர் கார்டைச் சாய்ச்சு (அந்த ரவுண்டுக்குப் பயன்படுத்தியாச்சுன்னு திருப்பி வெச்சு) அதை முன்னாடியே பார்த்துடலாம், பிடிக்கலைன்னா டெக்குக்கு அடியில தள்ளிடலாம். நாலு பேர் ஆடுற மேசையில இது சும்மா ஒரு வசதி, தனியாட்டத்துல பாதி ஆட்டமே இதுதான். போனஸா லோர் ஸ்பியரும் கிடைக்குது. மூணு ரிசோர்ஸ் (கார்டு வாங்குற காசு) சேர்த்து ஃபாரஸ்ட் ஸ்நேர்ங்கிற வலையைப் போட்டா ட்ரோல் அடிக்கவே முடியாது.

சாம்பல்கோல்:
கடைசிக்கார்டு சொல்றது மிர்க்வுட்டுக்குச் சரி. ஆண்டுவின்ல எனக்கு ஒத்துவராது. ட்ரோலைக் கொல்லாம முதல் கட்டத்தைத் தாண்ட முடியாது. வலையில கட்டிப்போட்டாலும் அது அங்கேயே உட்கார்ந்திருக்கும், நீங்களும் கூடவே உட்கார்ந்திருப்பீங்க. டெனத்தோர் மார்பைக் காட்டித் தடுப்பார்னும் நினைக்காதீங்க. ட்ரோலோட அடி 6, அவரோட தற்காப்பு 3, உயிரும் 3. ஒரே அடியில ஆள் காலி.

கணக்கைப் பாருங்க. ட்ரோலுக்கு உயிர் 9, தற்காப்பு 3. சண்டை நேரத்துல ஸ்நீக் அட்டாக்ல (ஒரு துணையாளைக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் இறக்குற கார்டு) காண்டால்ஃபை இறக்குங்க, செலவு ஒரே ஒரு ரிசோர்ஸ். வந்ததுமே 4 அடி, மிச்சம் 5. அப்புறம் காண்டால்ஃப் 4, அரகோர்ன் 3, கார்ட் ஆஃப் த சிட்டடெல் (சிட்டடெல் காவலன்) 1, மொத்தம் 8. தற்காப்பு 3 போனா 5. ட்ரோல் முடிஞ்சது, தாத்தாவும் கைக்குத் திரும்பிடுவார். அரகோர்ன் இடத்துல தியோட்ரெட்டை வெச்சு இதே கணக்கைப் போட்டா 4தான் வருது. அந்த ஒண்ணுலதான் ஆட்டமே போகும்.

இதுல அழகு என்னன்னா, அரகோர்ன் அந்த ரவுண்டு குவெஸ்டுக்கும் போயிருப்பார். தியோட்ரெட் கூடப் போய் ஒரு ரிசோர்ஸை அவர்கிட்ட தருவார், அதைக் கொடுத்து அரகோர்ன் மறுபடி நிமிர்ந்துடுவார். மூணு பேரோட வில்பவர் (குவெஸ்ட்டுக்கு எண்ணுற பலம்) 7ல ஒண்ணுகூடக் குறையாது. எத்தனை பெட்டி வந்தாலும் இந்த ஜோடி எனக்கு அலுக்கலை.

ஒற்றைக்கை:
ரெண்டாவது ரவுண்டுக்குள்ள காண்டால்ஃப், ஸ்நீக் அட்டாக், சிட்டடெல் காவலன் மூணும் கையில இருக்கணுமே? அதுவரைக்கும் ட்ரோல் அடியை யார் வாங்குறது?

சாம்பல்கோல்:
அதனாலதான் அதை ரெண்டாவது ரவுண்டுல சந்திக்கவே கூடாது. முதல் ஆறு கார்டுல ஸ்டூவர்ட் ஆஃப் கோண்டோர் (சாய்ச்சா ரெண்டு ரிசோர்ஸ் தர்ற கார்டு) இல்லைன்னா தயங்காம ஒருமுறை மாத்துங்க. வந்ததும் முதல் ரவுண்டிலேயே அரகோர்ன், தியோட்ரெட் ரிசோர்ஸ்ல வாங்கி ஏயோவின் தலையில வைங்க. எல்லாரும் அரகோர்னுக்குத்தான் வைப்பாங்க. ஆனா இந்த டெக்குல ஸ்பிரிட் கார்டுக்குச் செலவு பண்ற ஒரே ஆள் ஏயோவின், வறட்சி அங்கதான். உடனே அதைச் சாய்ச்சா அவகிட்ட 3 ஆகும். கலாட்ரிம்ஸ் க்ரீட்டிங் கையில இருந்தா அப்பவே போடலாம், த்ரெட் 6 குறைஞ்சு 23. குவெஸ்ட்ல தோக்காம இருந்தா ட்ரோல் எட்டாவது ரவுண்டு வரைக்கும் ஸ்டேஜிங்லயே (எதிரிங்க நம்மகூட மோதாம நிக்கிற இடம்) நிக்கும்.

அடி வாங்க ஸ்னோபோர்ன் ஸ்கவுட்ங்கிற சின்னத் துணையாள் போதும். ஆனா ட்ரோல் விஷயத்துல மிஞ்சின அடி உங்க த்ரெட்ல ஏறும், ஸ்கவுட்னா 4. கொல்லப்போற ரவுண்டுல அந்த நாலு வலிக்காது. வெறுமனே தள்ளிப்போட மூணு ரவுண்டு ஸ்கவுட்டைக் கொடுத்தீங்கன்னா 12 ஏறியிருக்கும், 50ல ஆட்டம் க்ளோஸ். நிழல் கார்டுக்கு (எதிரி அடிக்கும்போது கூடச் சேர்ற மறைவு கார்டு), அதை ரத்து பண்ற ஹேஸ்டி ஸ்ட்ரோக் ஒண்ணு வெச்சுக்கங்க.

50 கார்டு சேர்க்க ரெண்டு ஸ்பியரும் ஏறக்குறைய முழுசா உள்ள போகும். ப்ரோக் அயர்ன்ஃபிஸ்ட், ஃபார்ச்சூன் ஆர் ஃபேட் ரெண்டையும் எடுத்துடுங்க, அந்த விலைக்கு இங்க காசு கிடையாது. காண்டால்ஃப் பெட்டியில நாலு, டெக்குல மூணுதான்.

கடைசிக்கார்டு:
அந்த ஒரு புள்ளிக் கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா ஆண்டுவினோட ரெண்டாவது கட்டமான தோணி கட்டத்துல ரவுண்டுக்கு ரெண்டு என்கவுன்டர் கார்டு வருமே, அங்க டெனத்தோர் இல்லாம கஷ்டம்.

சாம்பல்கோல்:
அங்க எதிரிங்க தானா வந்து மேல விழமாட்டாங்க, அதுதான் சலுகை. ஆனா எல்லாரையும் ஸ்டேஜிங்லயே விட்டுவெச்சா அந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டிய 16 புள்ளி ஏறவே ஏறாது. கரையில இறங்கினதும் மொத்தப் பேரையும் அடிச்சுத்தான் ஆகணும். சின்னவங்களை ரவுண்டுக்கு ஒருத்தரா நீங்களே கூப்பிட்டு முடிச்சுடுங்க. நார்தர்ன் ட்ராக்கர் இருந்தா இடங்களை அவர் பார்த்துப்பார்.

பெட்டியில இருக்கிற இன்னொரு குவெஸ்ட், டோல் குல்டூரை மட்டும் இந்த டெக்கோட தொடாதீங்க. ஆரம்பத்திலேயே ஒரு ஹீரோவைக் குலுக்கல்ல சிறைபிடிச்சுடும். அது ஏயோவினா இருந்தா கார்டை மடிச்சு வெச்சுட்டு எழுந்துடலாம்.