ஃபார்முலாவை வலப்பக்கம் இழுத்தால் பானை விலை 1,92,000 ரூபாய்!

எவர்சில்வர்:
எங்கள் பாத்திரக் கடையில் எடைக்குத்தான் விலை. எக்செலில் பி நெடுவரிசையில் எடை இருக்கிறது. சி2, டி2, ஈ2 கட்டங்களில் கிலோ விலை: சில்லறை 400, மொத்தம் 380, கல்யாண ஆர்டர் 390. 1.2 கிலோ பானைக்குச் சி3-இல் =பி3*சி2 என்று போட்டேன், 480 வந்தது. கீழே இழுத்தால் 0.8 கிலோ குண்டானுக்கு 320-க்குப் பதில் 384. =பி3*$சி$2 என மாற்றியதும் அது சரியாகிவிட்டது. ஆனால் வலப்பக்கம் டி3-க்கு இழுத்தால் பானை விலை 1,92,000! "தங்க முலாம் பூசிய பானையா?" என்கிறார் அப்பா.

இன்னொன்று. டாலர் குறி போட எஃப்4 அழுத்தச் சொல்கிறார்கள். தலைப்புக்கு மஞ்சள் நிறம் பூசிவிட்டு வந்து அழுத்தினால், விலைக் கட்டமும் மஞ்சளாகிறது. என்ன கூத்து இது?

கணக்குப்பிள்ளை:
1,92,000 நல்ல பிழை தங்கையே, அது தன்னையே காட்டிக்கொடுத்துவிடும். அந்த 384-தான் ஆபத்து. அடுத்த வரியில் 2.5 கிலோ அண்டா இருந்திருந்தால் 1000-க்குப் பதில் 960 வந்திருக்கும். யார் கண்ணிலும் படாது, பில் போட்டுக் கொடுத்தும் விடுவீர்கள்.

சி3-இல் நீங்கள் எழுதியதை எக்செல் "இடப்பக்கத்துக் கட்டத்தை நேர் மேலே உள்ள கட்டத்தால் பெருக்கு" என்றுதான் எடுத்துக்கொள்கிறது. சி4-க்கு நேர் மேலே இருப்பது கிலோ விலை அல்ல, பானையின் 480. டாலர் போட்டதும் கீழ்நோக்கிய தொல்லை தீர்ந்தது. ஆனால் வலப்பக்கம் போனதும் எடையைத் தேடிய பி, சி ஆகிவிட்டது. 480-ஐ 400-ஆல் பெருக்கிவிட்டது.

ஒரு டாலர், தனக்கு அடுத்து நிற்கும் எழுத்தையோ எண்ணையோ மட்டும்தான் பூட்டும். எடைக்கு எழுத்து அசையக் கூடாது, வரி எண் அசைய வேண்டும். கிலோ விலைக்கு நேர்மாறு. ஆகவே சி3-இல்:

=$பி3*சி$2

இதை வலப்பக்கமும் கீழும் இழுங்கள். பானைக்கு டி3-இல் 456, ஈ3-இல் 468 வர வேண்டும்.

மஞ்சளுக்குக் காரணம், கட்டத்துக்கு வெளியே நின்று எஃப்4 அழுத்தினால் எக்செல் கடைசியாகச் செய்த வேலையைத் திரும்பச் செய்யும். எஃப்2 அழுத்தி உள்ளே போய், முகவரியின் மேல் கர்சரை வைத்து அழுத்துங்கள். முதல் அழுத்தலில் $பி$3, அடுத்து பி$3, பிறகு $பி3, நான்காவதில் பழைய பி3. நான் இந்தச் சுற்றுக்கெல்லாம் காத்திருப்பதில்லை, டாலரைக் கையாலேயே அடித்துவிடுவேன்.

மடிக்கணினி:
சில மடிக்கணினிகளில் எஃப்4 ஒலியையோ வெளிச்சத்தையோ மாற்றும். எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்துங்கள். மேக்கில் எக்செல் என்றால் கமாண்ட் விசையோடு ஆங்கில T எழுத்தை அழுத்தினால் வேலை செய்யும். கூகுள் ஷீட்ஸிலும் எஃப்4 உண்டு.

எவர்சில்வர்:
456, 468 இரண்டும் வந்துவிட்டன, நன்றி ஐயா! கிலோ விலை அடிக்கடி மாறுவதால் அந்த மூன்று கட்டங்களையும் தனி ஷீட்டுக்குக் கொண்டுபோக நினைக்கிறேன். எல்லா ஃபார்முலாவையும் திருத்த வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, கட் செய்து புது ஷீட்டில் ஒட்டுங்கள். டாலர் இருந்தாலும் ஃபார்முலாக்கள் தாமே பின்தொடர்ந்து போகும். காப்பி செய்து ஒட்டினால் போகாது, பழைய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.