காதுக் குறும்பியை இளக்க எந்தத் துளி நல்லது?

கேள்வி (கிளிநொச்சி): கோழியிறகால் காது குடைந்தே பழகிய என் அப்பாவுக்குக் குறும்பி இறுகி, உழவு இயந்திரம் பின்னால் வந்தாலும் கேட்பதில்லை. ஒலிவ் எண்ணெய் நல்லதா, சோடியம் பைகாபனேற்றுத் துளிகள் நல்லதா?

பதில் (மாங்குளம்): 2018இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு (பல மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி ஒப்பிடும் அறிக்கை), ஒரு துளி மற்றதைவிடச் சிறந்தது என்பதற்குச் சான்று காணவில்லை, வெறும் தண்ணீரும் உப்புநீரும்கூடப் பின்தங்கவில்லை. ஆகவே விலை குறைந்ததை வாங்கி, அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, 3 முதல் 5 நாட்கள் விடுங்கள். முதலில் குறும்பி ஊறி அடைப்புக் கூடலாம். இறகைக் கோழிக்கே விட்டுவிடுங்கள், அது குறும்பியை உள்ளேதான் தள்ளும்.

பதில் (முல்லைத்தீவு): எறிகணை அதிர்வில் செவிப்பறை கிழிந்தவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், காதை மருத்துவரிடம் காட்டி, செவிப்பறை கிழியவில்லை என உறுதிசெய்யாமல் எதையும் விடாதீர்கள். கிழிந்திருந்தால் குறும்பியை நீர் பீய்ச்சி வெளியேற்றாமல், மருத்துவரே கருவியால் உறிஞ்சியெடுப்பதே பாதுகாப்பானது. பீய்ச்சுவதானாலும் நீர் உடற்சூட்டில் இருக்கவேண்டும். குளிர்ந்த நீர் தலைசுற்ற வைக்கும்.

கேட்டவர்: நன்றி ஐயா. அப்பாவின் இடக்காதில் முன்பு சீழ் வடிந்ததுண்டு. முதலில் காட்டிவிட்டே தொடங்குகிறேன்.