வெளிர் பச்சை சுவரில் சாம்பலாகத் தெரிகிறது

கோவையில் அம்மாவின் அறைக்கு மூன்று வாரம் முன்பு வெளிர் பச்சை அடித்தோம். 12க்கு 10 அடி, வடக்கே ஒரே ஜன்னல், வெள்ளை டைல்ஸ். பட்டி, பிரைமர், அப்புறம் மேட் எமல்ஷன் இரண்டு கோட்.

ஷேடு கார்டில் வாழைக்குருத்து மாதிரி அவ்வளவு குளுமை. சுவரில் பகலிலேயே சாம்பல் பூத்துக் கிடக்கிறது. டியூப்லைட் போட்டால் ஆஸ்பத்திரி வார்டுதான். அம்மா ஹாலில் போய்ப் படுத்துக்கொள்கிறார், அதுதான் மனதை உறுத்துகிறது.

நீலம் கலந்த வெள்ளையாக எரியும் 6500 கெல்வின் லைட்டை, அதைவிடக் கொஞ்சம் மஞ்சள் கலந்த 4000க்கு மாற்றினேன், இரவில் கொஞ்சம் தேவலாம். 3000இல் சுவர் மஞ்சளடித்தது. மூன்றாவது கோட், சந்தன நிறத் திரை இரண்டுக்கும் பலனில்லை.

அம்மாவுக்குப் பச்சைதான் வேண்டும். வடக்கு வெளிச்சம் மட்டும் வரும் அறையில் சாம்பலாகத் தெரியாத வெளிர் பச்சை அடித்தவர்கள், எந்த ஷேடு என்று சொல்ல முடியுமா?