பிரிக்க வேண்டியது வேலையை அல்ல, பொறுப்பை

பெற்றோரைப் பராமரிப்பவர்களின் களைப்பைப் பற்றிப் பேசும்போது குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது என்று கண்ணுக்குத் தெரியும் வேலைகளைத்தான் எல்லோரும் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். மறதிநோய் முற்றிய அப்பாவைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என்னை அரித்தவை அந்த வேலைகள் அல்ல. மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு வரும், அடுத்த பரிசோதனை எப்போது, நேற்று மலம் கழித்தாரா, கால் வீக்கம் கூடியிருக்கிறதா என்று மனத்துக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த கணக்குதான். "என்ன செய்ய வேண்டும் என்று சொல், செய்கிறேன்" என்று வெளியூரில் இருந்த அண்ணன் சொன்னது நல்லெண்ணத்தில்தான். ஆனால் யோசித்துச் சொல்வதும் என் தலையில் விழுந்த இன்னொரு வேலையாயிற்று.

ஆகவே பொறுப்புகளையே பிரித்துக்கொண்டோம். மருந்து தொடர்பான அனைத்தும், அதாவது தீர்வதற்குள் வாங்கி அனுப்புவது, மருத்துவரிடம் பேசுவது, பட்டியலைச் சரியாக வைத்திருப்பது என எல்லாமே, அண்ணனுடையவை. அவற்றைப் பற்றி நான் நினைவூட்டவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதியிருந்தவற்றை ஒரே தாளில் எழுதி முதியோர் மருத்துவரிடம் அவர் காட்டியபோது, நினைவாற்றலுக்குத் தரப்பட்ட டோனெபெசிலும் சிறுநீரை அடக்க முடியாததற்குத் தரப்பட்ட ஆக்சிபியூட்டினினும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்பவை என்பது தெரியவந்தது. இரண்டாவது மருந்து வயதானவர்களுக்குக் குழப்பத்தைக் கூட்டவும் கூடும் என்று சொல்லி, மருத்துவர் அதைப் படிப்படியாக நிறுத்தினார். பக்கத்திலேயே இருந்த என் கண்ணில் படாதது தொலைவில் இருந்தவர் கண்ணில் பட்டதில் எனக்கு வியப்பில்லை. அதைப் பற்றி மட்டுமே யோசிக்க அவருக்கு இடம் இருந்தது.

மாலை வேளைகள்தாம் கடினமானவை. பொழுது சாயும்போது அப்பாவின் பதற்றம் கூடும். வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்பார். இதுதான் வீடு என்று நிரூபிக்க முயன்றால் கோபம்தான் மிஞ்சும். "போகலாம் அப்பா, உங்கள் செருப்பை எடுத்து வருகிறேன், அதுவரை உட்காருங்கள்" என்று சொல்லி, பக்கத்தில் அமர்ந்து அந்த வீட்டைப் பற்றியே கேட்டால், செருப்பு வரும் முன்பே பேச்சு எங்கோ போய்விடும். இருட்டுவதற்கு முன்பே விளக்குகளைப் போட்டுத் திரைகளை இழுத்துவிடுவதும் உதவியது, ஏனெனில் சன்னல் கண்ணாடியில் தெரிந்த தம் உருவத்தை அவர் யாரோ வேற்றாள் என்று நினைத்து அஞ்சினார். வார இறுதி இரவுகளைத் தங்கை முழுமையாக ஏற்றுக்கொண்டாள். அந்த இரவுகளில் நான் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவேன்.

*

அப்பாவைப் பார்த்துக்கொண்ட சகோதரி மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். இடுப்பெலும்பு முறிவுக்குப் பின் என் அம்மா படுக்கையில் இருந்தபோது, புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கும் வேலைக்கு ஓர் உதவியாளரை அமர்த்தினோம். அந்நியர் ஒருவர் குளிப்பாட்டுவதை அம்மா ஏற்கவே இல்லை. அந்தப் பெண்மணி வற்புறுத்தாமல், தோள்வரை ஒரு பெரிய துண்டைப் போர்த்தி, துண்டுக்கு அடியிலேயே பகுதி பகுதியாகத் துடைத்துவிடத் தொடங்கினார். எதிர்ப்பு மெல்ல அடங்கியது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது மறைவு மட்டுமே என்பதை மகனான நான் ஊகித்திருக்க முடியாது. மற்றொரு நாள் அம்மா திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசியபோது, வயதின் மறதி என்று நான் விட்டுவிடவிருந்ததைத் தடுத்தவரும் அவர்தான். சில மணி நேரத்தில் வரும் குழப்பம் மறதிநோய் அல்ல, மருத்துவரிடம் காட்டுங்கள் என்றார்; சிறுநீர்த் தொற்று இருந்தது, சிகிச்சைக்குப் பின் தெளிந்தார்.

*

நான் ஒரே பிள்ளை. பிரித்துக்கொள்ள எனக்கு யாரும் இல்லை. உடன்பிறந்தவர்களைப் பற்றிய அறிவுரைகளைப் படிக்கும்போது சற்று எரிச்சல் வருவதை மறைக்க விரும்பவில்லை. அம்மாவின் மருத்துவர் ஒருமுறை என்னிடம் ஒரு வினாத்தாளை நீட்டினார். ஸாரிட் சுமை அளவுகோல் என்று அதற்குப் பெயர்; பராமரிப்பவர் மீதுள்ள சுமையை அளப்பது. 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், அதிகபட்சம் 88; மதிப்பெண் கூடக் கூடச் சுமை அதிகம். உங்களுக்கென்று நேரம் இருக்கிறதா, உடல்நலம் கெட்டிருக்கிறதா என்பன போன்ற கேள்விகள். மதிப்பெண்ணைப் பார்த்ததும், அம்மாவைக் குறுகிய காலம் பராமரிப்பு இல்லத்தில் விட்டு நான் ஓய்வெடுக்க வேண்டும் என்பதைத் தம் ஆலோசனையாகவே எழுதிக் கொடுத்தார். கைவிடுகிறாயா என்று கேட்ட உறவினர்களுக்கு அந்தத் தாளே பதிலாயிற்று.

இல்லத்துக்கு அனுப்பும்போது மருந்துப் பட்டியலோடு இன்னொரு தாளையும் கொடுத்துவிடுவேன்: எந்தக் காது கேட்கும், எப்படி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார், இரவில் எத்தனை மணிக்கு எழுந்துகொள்வார், எதைச் சொன்னால் சீறுவார். மருந்து மாறும்போதெல்லாம் இரண்டையும் திருத்துகிறேன். அம்மாவைத் திரும்ப அழைத்துவரும் நாளிலேயே அடுத்த தங்கலுக்கும் இடம் சொல்லி வைத்துவிடுகிறேன். களைத்த பிறகு தேடினால் இடம் கிடைப்பதில்லை.