மலேசியாவில் உணவுப் பொட்டலத்தைப் படிப்பது எப்படி? புதிதாக வந்தவர்களுக்கு

கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் புதிதாகக் குடிவந்த நம் ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: "சில பாக்கெட்டுகளில் சத்து விவரக் கட்டமே இல்லையே, வாங்கலாமா?" தாராளமாக வாங்கலாம். அந்தக் கட்டம் இல்லை என்பதற்காகவே அது போலிச் சரக்கு ஆகிவிடாது.

இங்கே அடிப்படை 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளும். சத்து விவரம் கட்டாயம் என்ற விதி 2003இல்தான் சேர்ந்தது. அதுவும் எல்லாவற்றுக்கும் இல்லை. ரொட்டி, காலை உணவுத் தானியங்கள், பால் பொருட்கள், கேக் பிஸ்கட் வகைகள், டின்னில் அடைத்த இறைச்சி, மீன், காய், பழம், பழச்சாறு, மயோனைஸ், குளிர்பானம் என்று அதிகம் விற்பனையாகும் வகைகளைத்தான் அந்த விதி பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. கலோரி, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு ஆகிய நான்கையும் காட்ட வேண்டும் என்றது அந்த 2003 விதி. அப்படியே குடிக்கும் பானங்களுக்கு மொத்தச் சீனியையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 100 கிராம் அல்லது 100 மில்லி லிட்டருக்கு ஒரு கணக்கு, ஒருமுறை பரிமாறும் அளவுக்கு இன்னொரு கணக்கு. இரண்டு பொருட்களை ஒப்பிடும்போது முதல் கணக்கை மட்டும் பாருங்கள். பரிமாறும் அளவைத் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார், அவருடைய வயிறு சின்னதாகத்தான் இருக்கும்.

2003 விதி சொன்ன அந்த நான்கில் உப்பு இல்லை என்பதைக் கவனித்தீர்களா? ஊறுகாய், சம்பால் (மிளகாய் விழுது), சோயா சாஸ் வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள். 'நாட்ரியம்' அல்லது 'சோடியம்' என்று போட்டிருந்தால் அதை இரண்டரையால் பெருக்குங்கள். அதுதான் உப்பின் அளவு. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

பட்டியலில் வராத பொருளாக இருந்தாலும் 'கொழுப்புக் குறைவு', 'கால்சியம் நிறைந்தது' என்று பெருமை பேசினால் சத்து விவரம் கட்டாயமாகிவிடும். கொழுப்புக் குறைவு என்று போடவும் வரம்பு உண்டு: திட உணவானால் 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது.

கடைக்காரர் உங்கள் கண்முன் எடைபோட்டுத் தரும் பருப்புக்கும், கடையிலேயே பிரித்துக் கட்டும் சில்லறைப் பொட்டலத்துக்கும் லேபிள் விதிகளிலிருந்தே விலக்கு உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் ஜோர்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் அளந்து கட்டித் தரும் முறுக்கு, மிக்சர் எல்லாம் இந்த வகை. எந்த எண்ணெய், என்றைக்குப் போட்டது என்று வாய்விட்டுக் கேட்பதைத் தவிர அங்கே வேறு வழியில்லை. கேட்டால் சொல்வார்கள், கூச்சப்பட வேண்டாம்.

என்னைக் கேட்டால் சத்துக் கட்டத்தைவிட மூலப்பொருள் வரிசைதான் முக்கியம். 'ராமுவான்' அல்லது 'பஹான்-பஹான்' என்று தொடங்கும். எடை அதிகமுள்ளது முதலில் வரும். தேநீருக்கு என்று நாம் அள்ளிக்கொண்டு வரும் கெட்டிப்பால் டின்னைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் 'கிரிமர் மானிஸ்' என்று இருந்தால் உள்ளே சீனியும் செம்பனை எண்ணெயும் பால் திடப்பொருளும் கலந்திருக்கும். அதைப் பால் என்று நினைத்துப் பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அதே அலமாரியில் அதே நிறத்தில் உண்மையான கெட்டிப்பாலும் நிற்கும், விலை மட்டும் கூடுதல்.

சைவக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தியப் பாக்கெட்டில் பார்த்துப் பழகிய பச்சைப் புள்ளி இங்கே தயாராகும் பொருளில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஹலால் முத்திரைக்கும் சைவத்துக்கும் தொடர்பில்லை. ஹலால் மாட்டு ஜெலட்டின் உள்ள மிட்டாய்க்கும் அந்த முத்திரை கிடைக்கும். மாட்டிறைச்சி, பன்றி, பன்றிக்கொழுப்பு, இவற்றிலிருந்து எடுத்த பொருள் எது இருந்தாலும் தனியே அறிவிக்க வேண்டும் என்பது விதி. 'லெம்பு' என்றால் மாடு, 'பாபி' என்றால் பன்றி. கோழி, இறாலுக்கு அப்படித் தனி அறிவிப்பைத் தேடாதீர்கள், மூலப்பொருள் வரிசையில்தான் தேட வேண்டும்: 'ஆயாம்' கோழி, 'உடாங்' இறால், 'இக்கான் பிலிஸ்' நெத்திலி, 'தெலுர்' முட்டை. சம்பால் பாட்டிலில் 'பெலாச்சான்' என்று இருந்தால் அது இறால் விழுது.

கேள்வி (பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தங்கை): அக்கா, என் மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாது. லேபிளை நம்பலாமா?

பதில்: தயாரிப்பாளரே லேபிளோடு கட்டி அனுப்பும் பொட்டலத்தில் நம்பலாம் தங்கச்சி, கடையில் பிரித்துக் கட்டியதில் அல்ல. கடலை, சோயா, பசைச்சத்து (குளூட்டன்) உள்ள தானியம், மீன், பால், முட்டை ஆகியவை இருந்தால் குறிப்பிட்டே ஆக வேண்டும். 'காச்சாங் தானா' (வேர்க்கடலை) என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள். இறக்குமதிப் பொருளில் மலாய்க்குப் பதில் ஆங்கிலம் மட்டும் இருந்தாலும் விதிக்கு உட்பட்டதுதான். அங்காடிக் கடையில் சாத்தேக்கு (குச்சியில் சுட்ட இறைச்சி) ஊற்றும் குழம்பும் 'ரோஜாக்' என்ற காய், பழக் கலவையும் லேபிள் இல்லாதவை, இரண்டிலும் கடலை உண்டு. லேபிளில் சொல்லாத ஒன்று உள்ளே இருந்தது தெரிந்தால் பொட்டலத்தை வீசிவிடாமல் மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் புகார் கொடு. பினாங்கில் இருப்பதால் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தையும் அணுகலாம்.

கேள்வி (செந்தூலிலிருந்து): அப்பாவுக்கு நீரிழிவு. ஊரிலிருந்து வந்திருக்கிறார். டின் பானங்களில் எது பரவாயில்லை?

பதில்: தண்ணீர்தான் தம்பி. வேறு வேண்டுமென்றால் 100 மில்லி லிட்டரில் எத்தனை கிராம் 'ஜும்லா கூலா' (மொத்தச் சீனி) என்று பாருங்கள். குளிர்பானத்தில் அது 5 கிராமைத் தாண்டினால் அரசாங்கமே 2019 ஜூலை முதல் தனி வரி போடுகிறது. 320 மில்லி லிட்டர் டின்னில் 5 கிராம் வீதம் என்றாலே 16 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிச் சீனி. மாமாக் கடைக்கு (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) போனால் லேபிளே கிடையாது, வாயால் சொல்ல வேண்டியதுதான்: 'தே ஓ கொசோங்' என்றால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். 'கூராங் மானிஸ்' என்று மட்டும் சொன்னால் இனிப்பைக் குறைத்துத் தருவார்கள், அந்தக் குறைத்த அளவே அப்பாவுக்கு அதிகமாக இருக்கும்.