‘ஆச்சி வீடு’ குரூப்: எரிமலைக்கு யார் யாரு வாறீங்க

செல்வி அக்கா: எல்லாரும் கவனிங்க. ஆதவ் பர்த்டேக்கு வாறவங்க மறுநாளே சும்மா எங்க வீட்ல உக்காந்து டிவி பாக்க வேண்டாம். சிங்கப்பூர்ல இருந்து சுரபயாவுக்கு ரெண்டு ரெண்டரை மணி நேர ஃப்ளைட்தான். அங்க புரோமோ எரிமலை இருக்கு, நேஷனல் பார்க். மூணு நாள்ல போய்ட்டு வந்துரலாம். யார் யாருன்னு ஞாயித்துக்கெழமக்குள்ள சொல்லுங்க, டிக்கெட் ஏறிட்டே போகுது

நான்: நான் ரெடி

ரம்யா: மீ டூ

அத்தை: எரிமலையா

அத்தை: இப்பவும் எரியுதா

செல்வி அக்கா: புக மட்டும்தான் அத்தை வந்துட்டு இருக்கும்

பெரியப்பா: காலை வணக்கம். நல்லதே நடக்கும். 🌹🌹

செல்வி அக்கா: அப்பா மேல படிங்க

சித்தப்பா: செல்வி ரொம்ப நல்ல யோசனைம்மா. எல்லாருக்கும் ஒரு விஷயம் சொல்லுதேன். புரோமோ கிழக்கு ஜாவாவுல இருக்கு, பார்க் பேரு புரோமோ தெங்கர் செமெரு, 1982ல நேஷனல் பார்க்னு அறிவிச்சாங்க. புரோமோ 2329 மீட்டர், பின்னால நிக்குற செமெரு 3676 மீட்டர், ஜாவாவுலயே அதான் ஒசரம். ஆதியில ஒரு பெரிய எரிமல இருந்து உள்வாங்கி சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்துருக்கு, அந்தப் பள்ளத்துக்குள்ள பிறகு முளைச்ச குட்டி மலைகள்ல ஒண்ணுதான் புரோமோ, சுத்தி பூரா கறுப்பு மணல். ஏன் அங்க இத்தன எரிமலன்னா, இந்தியப் பெருங்கடல் அடியில உள்ள பூமித்தட்டு, அதாவது பூமி மேலோட்டோட ஒரு பெரிய பாறைத் துண்டு, ஜாவாவுக்கு அடியில சொருகிகிட்டுப் போகுது. 2004ல சுனாமி வந்துச்சுல்லா, சுமத்ரா பக்கத்துல நடந்தது, அந்த வரிசையோட தொடர்ச்சிதான் இது. போற தட்டு சூட்டுல உருகித்தான் எரிமலக் குழம்பு வருதுன்னு நிறைய பேரு நினைக்காங்க, அப்பிடி இல்ல, தட்டோட சேந்து உள்ள போற தண்ணி, மேல இருக்குற பாறையோட உருகுநிலைய கொறச்சிருது, அதனாலதான் பாறை உருகுது, தண்ணி அதுல கலந்துருக்கதாலதான் வெடிப்பும் ஜாஸ்தி

நான்: சித்தப்பா 🔥

ரம்யா: அப்பா பெல் அடிச்சாச்சு, கிளாஸ் முடிஞ்சுது

அத்தை: சுனாமி வந்த எடத்துக்கா போறீங்க

செல்வி அக்கா: அத்தை இது மல, கடல்ல இருந்து தூரம்

அத்தை: அன்னைக்கு தூத்துக்குடில நாங்க பட்ட பயம் எனக்குல்லா தெரியும்

பெரியப்பா: செலவு கணக்க யாரு பாக்கது. அத மொதல்ல சொல்லுங்க

பெரியப்பா: கொடைக்கானல் வேன் கணக்கே இன்னும் முடியல

சித்தப்பா: அண்ணே டீசல் காசு நான் வத்தலகுண்டுலயே குடுத்தாச்சு

பெரியப்பா: நான் டீசல சொல்லல

அம்மா: வேண்டாம் ரெண்டு பேரும்

செல்வி அக்கா: ஃப்ளைட்டும் ஜீப்பும் எங்க செலவு. விசா மட்டும் அவங்கவங்க. எங்களுக்கு சிங்கப்பூர் பாஸ்போர்ட், விசா கேக்க மாட்டாங்க. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு ஆன்லைன்லயே எடுத்துறலாம், அஞ்சு லட்சம் ரூபியா

பெரியப்பா: அஞ்சு லச்சமா!!!!

பெரியப்பா: அந்தக் காசுக்கு தென்காசி ரோட்டுல ஒரு செண்டு வாங்கலாம்

நான்: பெரியப்பா அது அவங்க ஊர் ரூபியா, நம்ம காசுக்கு மூவாயிரத்துக்குள்ளதான் வரும்

பெரியப்பா: அப்ப சரி

ரம்யா: அக்கா சிங்கப்பூர் விசா எங்களுக்கு மல்டிபிள் என்ட்ரிதானே? இந்தோனேசியா போய்ட்டு திரும்ப உங்க வீட்டுக்கு வரணுமே

செல்வி அக்கா: நல்லவேள கேட்ட. எல்லாரும் விசா பேப்பர்ல அத பாருங்க. பாஸ்போர்ட்டும் ஆறு மாசம் வேலிட் இருக்கணும்

அத்தை: கோயில் எதும் உண்டா அங்க

சித்தப்பா: அக்கா நல்லா கேட்ட. அந்த மலையில இருக்குற தெங்கர் சனங்க பெரும்பாலும் இந்துக்கள்தான். மணல் நடுவுல, மல அடிவாரத்துலயே கோயில், புரா லுஹுர் போத்தென்னு பேரு. எரிமல வாய்க்குப் படியேறிப் போனா அங்க பிள்ளையாரும் இருக்காரு

அத்தை: பிள்ளையாரா

அத்தை: அப்ப நான் வாறேன்

அம்மா: 😂 இதுக்கு முன்னாடி சுனாமின்னீங்க மதினி

அத்தை: பிள்ளையார் இருக்காருல்லா

ரம்யா: அத்தை அங்க ஒரு கத சொல்லுவாங்க. புள்ள இல்லாத ராஜா ராணி மலையில வேண்டிக்கிட்டாங்களாம், கடசி புள்ளைய உனக்கே தாறோம்னு. 25 புள்ள பொறந்துச்சு. கடசிப் பையன் கேசுமா, அவன எரிமல எடுத்துகிட்டு. உள்ள இருந்து அவன் குரல் கேட்டுச்சாம், வருஷா வருஷம் எனக்கு விளைச்சல்ல பங்கு கொண்டாங்கன்னு. அதான் இன்னமும் யத்னிய கசடான்னு திருவிழா. காய்கறி, கோழி, ஆடு, காசு எல்லாம் எரிமல வாய்க்குள்ள போடுவாங்க

அத்தை: ஐயோ அந்தத் தாய் எப்பிடிப் பொறுத்தா

நான்: போடுறத உள்ள சரிவுல நின்னு வலை வச்சு புடிப்பாங்க, வீடியோ பாத்துருக்கேன்

பெரியப்பா: கோழியயா

செல்வி அக்கா: அது ஒண்ணுதான் யோசிக்கணும். கசடா பௌர்ணமிய ஒட்டி வரும், வருஷா வருஷம் தேதி மாறும், பெரும்பாலும் ஜூன் பக்கம்தான். அந்த நாள்ல டூரிஸ்ட் வராம நேஷனல் பார்க்கையே மூடிருவாங்க. ஆதவ் பர்த்டேயும் ஜூன். தேதி பாத்துட்டுதான் புக் பண்ணணும்

சித்தி: செல்வி ஒரு விஷயம் கேக்கேன். அங்க புக எப்பிடி இருக்கும்? உங்க சித்தப்பாவுக்கு வீசிங் இருக்கு தெரியும்ல

செல்வி அக்கா: தெரியும் சித்தி. சல்பர் நாத்தம் இருக்கும். காத்து நம்ம பக்கம் அடிச்சா கண்ணு எரியும், இருமல் வரும்

சித்தப்பா: மாஸ்க் போட்டுக்கிடுவேன்

ரம்யா: அப்பா மாஸ்க் தூசிக்குத்தான். கேஸ நிறுத்தாது. உங்களுக்குத் தெரியாததா

சித்தப்பா: தெரியும்

அம்மா: ஆச்சிக்கு இந்த மாசம் மாத்திரை யாரு வாங்குனது? சீட்டு என்கிட்ட இருக்கு

அத்தை: நான் வாங்கிட்டேன்

பெரியப்பா: நானும் வாங்கிட்டேன்

அம்மா: சரி போச்சு

பெரியப்பா: நீ நேத்தே கேட்டுருக்கணும்லா

செல்வி அக்கா: ஏப்பா விஷயத்துக்கு வாங்க. ராத்திரி செமரோ லாவாங்ல தங்குறோம், எரிமல பள்ளத்தோட விளிம்புல உள்ள ஊரு. விடியக்காலம் மூணு மணிக்கு ஜீப். மணல்ல அந்த ஊர் ஜீப்தான் விடுவாங்க, நாம கார் கொண்டு போக முடியாது. பெனஞ்சாக்கான்னு ஒரு வியூ பாயின்ட், அங்க சூரிய உதயம். பிறகு மணல்ல இறங்கி நடந்தோ குதிரையிலயோ படிக்கட்டு வரைக்கும். படி 250 பக்கம். குளிர் அஞ்சு டிகிரி, சில நாள் அதுக்கும் கீழ போகும். ஸ்வெட்டர், குல்லா கண்டிப்பா. சுரபயா நேரம் சிங்கப்பூர விட ஒரு மணி நேரம் பின்னாடி, போன்ல மாத்திக்கோங்க

சித்தப்பா: பெனஞ்சாக்கான் 2770 மீட்டர். நம்ம தொட்டபெட்டா 2637தான். அங்க இருந்து பாத்தா மூணு மல தெரியும். போட்டோவுல முன்னால மடிப்பு மடிப்பா அழகா நிக்குமே, அது புரோமோ இல்ல, பாத்தோக். பக்கத்துல தலை இல்லாம வாயத் தொறந்து புகஞ்சிகிட்டு இருக்குறதுதான் புரோமோ. தூரத்துல செமெரு, அது அப்பப்ப ஒரு புக விடும்

அத்தை: ஊட்டியிலயே எனக்கு காது அடச்சுச்சு

நான்: சேஃப்தானா அக்கா? செமெரு 2021 டிசம்பர்ல வெடிச்சு அம்பது பேருக்கு மேல இறந்தாங்கல்ல

செல்வி அக்கா: ஆமா. நாம செமெரு பக்கம் போகல. புரோமோவும் சும்மா இல்ல, 2004ல திடீர்னு வெடிச்சு ரெண்டு பேர் போய்ட்டாங்க. அதனால கெளம்புறதுக்கு முந்தி மாக்மா இந்தோனேசியா ஆப்ல எச்சரிக்கை நிலை பாக்கணும், மொத்தம் நாலு படி. வாய்க்குக் கிட்ட போகாதீங்கன்னு அறிவிப்பு இருந்தா படி ஏற வேண்டாம், வியூ பாயின்ட்டோட திரும்பிருவோம். ஜீப்காரன் சொல்லுதான்னு ஏறக் கூடாது

சித்தி: அறிவிப்பு இருந்தாலும் இல்லாட்டியும் இவரு படி ஏற வேண்டாம்

சித்தப்பா: நான் ஒண்ணு சொல்லட்டுமா. சர்வீஸ் பூரா போர்டுல சாக்பீஸ்ல எரிமல படம் போட்டேன். வாய், குழாய், அடியில குழம்பு, அம்புக்குறி போட்டு பேரெழுதி. எத்தனையோ பேட்ச் பிள்ளேளு அத நோட்டுல வரஞ்சு மார்க்கும் வாங்கிருச்சு. சார் நீங்க பாத்துருக்கீங்களான்னு ஒரு பய கேட்டான். இல்லடேன்னேன். ஒரு தடவ விளிம்புல நின்னு உள்ள பாக்கணும், அவ்வளவுதான்

ரம்யா: அப்பா ❤️

நான்: நான் கூடவே வருவேன் சித்தப்பா

சித்தி: கார்த்தி நீ ஏத்தி விடாத

அத்தை: தம்பி மெதுவா ஏறட்டுமே. அஞ்சஞ்சு படியா உக்காந்து உக்காந்து

பெரியப்பா: முருகா டாக்டர்ட்ட கேளு. இன்ஹேலர் ரெண்டு எடு. நான் வந்தா உன் பையத் தூக்கிகிடுதேன்

சித்தப்பா: சரிண்ணே

அம்மா: பெரியத்தான் அப்ப நீங்க வாறீங்களா

பெரியப்பா: வந்தான்னுதான சொன்னேன்

சித்தி: டாக்டர் சரின்னு எழுதிக் குடுத்தா பாப்போம். காத்து நம்ம பக்கம் அடிச்சா பாதியில எறங்கிரணும். அதுக்கு ஒத்துக்கிட்டா வரட்டும்

சித்தப்பா: ஒத்துக்கிடுதேன்

ரம்யா: ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாச்சு

அத்தை: அல்வா எத்தன கிலோ கொண்டு வரணும் செல்வி

செல்வி அக்கா: அத்தை மூணு கிலோ போதும். அது அப்புறம்

பெரியப்பா: போன தடவ வாங்குன கடையில வேண்டாம், நெய்யே இல்ல

அத்தை: நான் வாங்குனதுதான் அது

பெரியப்பா: அதான் சொல்லுதேன்

செல்வி அக்கா: இப்ப கணக்கு சொல்றேன். கார்த்தி, ரம்யா, அத்தை கன்ஃபார்ம். சித்தப்பா சித்தி டாக்டர பாத்துட்டு. அம்மா ஆதவ்கூட வீட்ல இருக்கேன்னு சொல்லிட்டாங்க, அவனுக்கு அந்த குளிரும் புகையும் ஆகாது. கார்த்தி அம்மா?

அம்மா: ஆச்சிய யாரு பாக்கது

அத்தை: ஆமால்ல

நான்: அம்மா நீங்க சிங்கப்பூருக்கே வரலையா

அம்மா: அதத் தனியா பேசுவோம்

செல்வி அக்கா: அப்பா நீங்க பாஸ்போர்ட் எடுத்து எக்ஸ்பைரி தேதி பாருங்க. இப்பவே

பெரியப்பா: பீரோ சாவி உங்க அம்மாட்ட இருக்கு

செல்வி அக்கா: கேட்டு வாங்குங்க

பெரியப்பா: கோயிலுக்குப் போயிருக்கா

சித்தப்பா: செல்வி, ஜீப்புக்கு எத்தன பேருன்னு கேட்டியா? ஆறு பேருக்கு மேல ஏத்த மாட்டாங்கன்னு நினைக்கேன்

செல்வி அக்கா: அதான் சித்தப்பா தலைய எண்ணிகிட்டே இருக்கேன். ரெண்டு ஜீப்பா ஒண்ணான்னு அப்பா சொன்னாத்தான் தெரியும்

பெரியப்பா: ஆகஸ்ட்ல முடியுது

நான்: எந்த வருஷம் பெரியப்பா

பெரியப்பா: கண்ணாடி வண்டியில இருக்கு. பாத்துட்டு சொல்லுதேன்