கேலிக் மலைப்பெயர்கள்: உச்சரிப்புக்கு உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம் மலைப்பகுதியின் கேலிக் மொழி இடப்பெயர்களைத் தமிழில் தொகுத்து வருகிறேன். 'பென்' மலை, 'கிளென்' பள்ளத்தாக்கு, 'இன்வர்' முகத்துவாரம், இவை எளிது. என்னை மிகவும் ஈர்ப்பவை நிறப்பெயர்கள். 'கோர்ம்' நீலத்தையும் புல்லின் பச்சையையும் சேர்த்தே குறிக்கும். கெய்ர்ன்கார்ம் சிகரம் நீலக் குன்று; ஆனால் அந்த மலைத்தொடருக்கே கேலிக்கில் செம்மலைகள் என்றுதான் பெயர்! எவ்வளவு நுட்பமான பார்வை!

உச்சரிப்பில்தான் திணறுகிறேன். பி (b), எச் (h) எழுத்துகள் சேர்ந்து 'வ' ஒலி தரும். சில இடங்களில் ஒலியே இருக்காது. கேலிக் தெரிந்தவர்கள், ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட்ஸ் மலைப்பகுதியில் வசிப்பவர்கள் யாரேனும் இருக்கிறீர்களா? பெயர்ப் பட்டியலை அனுப்புகிறேன். ஒலிப்பதிவாக அனுப்பினால் பேருதவி. குறிப்பாக, கோடைக்கால மேய்ச்சல் குடிசையைக் குறிக்கும் 'ஆரி' இடம்பெறும் பெயர்கள் தெரிந்தால் அவசியம் சொல்லுங்கள்.